காலேஜ் பெயரா, கோர்ஸா? பொறியியல் கலந்தாய்வுக்கு சாய்ஸ் லிஸ்ட் போடும் முறை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து சாய்ஸ் ஃபில்லிங் முடியும்வரை வீட்டில் ஓடும் விவாதம் இது. அப்பா நல்ல காலேஜ் என்பார், பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பான். இருவரும் பொதுப்படையாகவே பேசுவதால் பேச்சு முடியவே முடியாது. கலந்தாய்வுத் தளமோ இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஒரு காலேஜ் கோடும் ஒரு கோர்ஸ் கோடும் சேர்ந்தது ஒரு வரி. அந்த வரிக்கு மேலே எது, கீழே எது என்று மட்டும்தான் அது கேட்கிறது. அதனால் முடிவையும் வரிவரியாகத்தான் எடுக்க முடியும்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுக்கான வழிமுறை இது. படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பலர் ஏழாவது படியில் தொடங்கி இரண்டாவது படிக்கு வராமலே முடித்துவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரேங்க் பட்டியலில் வந்த பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டும் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கான ரேங்க்கையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுப் பட்டியலில் கைக்கு எட்டாத இடம் அந்த ஒதுக்கீட்டில் எட்டும்.

அடுத்தது, முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்கு எந்த ரேங்க்கில் இடம் முடிந்தது என்ற விவரம். கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும். பிறகு ஒரு பெரிய நோட்டு, அல்லது எக்செல் ஷீட். ஆண்டுக்கு ஹாஸ்டலோடு சேர்த்து எவ்வளவு கட்ட முடியும் என்ற தொகையையும் இப்போதே எழுதிவையுங்கள். லிஸ்ட் போட்டு முடித்த பிறகு பணத்தை யோசித்தால் லிஸ்ட்டைக் கலைத்துப் போட வேண்டிவரும்.

ரேங்க் வரும் முன்பே பயந்துபோய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டாதீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. ஒரிஜினல் சான்றிதழ்களை ஒரு காலேஜ் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் கலந்தாய்வில் கலந்துகொள்பவர்கள் பின்னால் படும் பாடு தனிக்கதை.

1. மார்க்கை விடுங்கள், ரேங்க்கை வைத்து எல்லை போடுங்கள்

கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். "போன வருஷம் 188-க்குக் கிடைத்ததே" என்ற கணக்கு பெரும்பாலும் தவறாகப் போகும். கணிதத் தேர்வு கடினமாக வந்த ஆண்டின் 188 வேறு, எளிதாக வந்த ஆண்டின் 188 வேறு. ஒரே கட்-ஆஃபில் நிறைய பேர் நிற்பதும் உண்டு. அப்போது கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாகப் பார்த்து, பிறந்த தேதியைப் பார்த்து, கடைசியில் ரேண்டம் எண்வரை போய்த்தான் ரேங்க் பிரிகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடத் தக்கது ரேங்க் மட்டுமே.

கடைசி மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பின்னால் போனால் 2021-ஐ விட்டுவிடுங்கள். அந்த ஆண்டு பொதுத் தேர்வு நடக்கவில்லை, மதிப்பெண்ணைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள்.

எல்லையைத் தாராளமாகப் போடுங்கள். உங்கள் ரேங்க் 20,000 என்று வைத்துக்கொள்வோம். 12,000-ல் முடிந்த இடங்களிலிருந்து 35,000-ல் முடிந்த இடங்கள்வரை எல்லாம் நோட்டில் ஏறட்டும். மேல் பக்கம் ஏன் இவ்வளவு தூரம் என்றால், இடங்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை, தகுதியுள்ள கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2024-25 முதல் எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கூடிய காலேஜில் கடைசி ரேங்க் கீழே இறங்கும். ஆகவே கடைசி ரேங்க்குக்குப் பக்கத்தில் போன ஆண்டு எத்தனை இடம், இந்த ஆண்டு எத்தனை இடம் என்றும் எழுதுங்கள்.

சமூகப் பிரிவு மாணவர்கள் பொதுப் பிரிவின் கடைசி ரேங்க், தங்கள் சமூகத்தின் கடைசி ரேங்க் இரண்டையும் பார்க்க வேண்டும். பொது இடத்துக்கும் நீங்கள் போட்டியில் இருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

2. வேண்டாத கோர்ஸ்களை முதலில் அடித்துவிடுங்கள்

பிடித்த கோர்ஸ் எது என்று பதினேழு வயதில் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. எதை நான்கு ஆண்டு படிக்கவே முடியாது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதனால் அடிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் செமஸ்டர் பாடங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2021 பாடத்திட்டத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், தமிழர் மரபு என்று எல்லாப் பிரிவுக்கும் அது கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மூன்றாவது செமஸ்டரைத் திறந்து பாருங்கள், கோர்ஸின் உண்மையான முகம் அங்கே தெரியும். 2021 பாடத்திட்டத்தில் மெக்கானிக்கலுக்கு எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். சிவிலுக்கு சர்வேயிங், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், கட்டுமானப் பொருள்கள். ட்ரிபிள் இ-க்கு (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ், எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு டிஸ்க்ரீட் மேத்தமேடிக்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்.

ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தின் முதல் யூனிட்டை யூடியூபில் ஒரு மணி நேரம் பார்த்து, ஒரே ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். புரிகிறதா என்பது இங்கே கேள்வியே அல்ல. புரியாவிட்டாலும் மறுபடி உட்காரத் தோன்றுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தோன்றவில்லை என்றால் அந்தக் கோர்ஸ், எந்தக் காலேஜில் கிடைத்தாலும், நோட்டிலிருந்து போகட்டும்.

இப்படிக் கறாராக வெட்டுவதற்குக் காரணம் அரியர். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் பல, நிலுவையில் அரியர் இருந்தால் தேர்வு எழுதவே விடுவதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்பவையும் உண்டு. பிடிக்காத கோர்ஸில் நாலு அரியரோடு நிற்கும் மாணவனுக்குப் பெரிய காலேஜின் பெயரால் ஒரு பயனும் இல்லை.

3. டிகிரியின் பெயரை வைத்தே கதவை அடைக்கும் வேலைகள்

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பல, எந்தப் பிரிவு மாணவரையும் எடுக்கும். அரசுப் பணி அப்படி அல்ல. நெடுஞ்சாலைத் துறையிலும் பொதுப்பணித் துறையிலும் உதவிப் பொறியாளராகப் பெரும்பாலும் சிவில் வேண்டும், மின்வாரியத்தில் பெரும்பாலான இடங்களுக்கு ட்ரிபிள் இ வேண்டும். பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களும் இந்தப் பதவிக்கு இந்தப் பிரிவு என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுகின்றன. இந்த வழியில் போக நினைப்பவருக்குக் கோர்ஸ்தான் முதலில், காலேஜ் பிறகுதான்.

கோர்ஸின் பெயரில் ஒரு சொல் கூடியிருந்தாலும் கவனம் வேண்டும். மெக்கானிக்கலுக்கு இணை, எலக்ட்ரானிக்ஸுக்கு இணை என்று காலேஜில் வாயால் சொல்வார்கள். டிஎன்பிஎஸ்சி-க்கு அந்தப் பட்டம் இணையானது என்ற அரசாணை வேண்டும். புதுப் பெயரில் ஒரு கோர்ஸைச் சேர்க்கும் முன், அந்தப் பெயருக்கு அரசாணை இருக்கிறதா என்று காலேஜிடம் எண், தேதியோடு கேளுங்கள்.

4. "நல்ல காலேஜ்" என்பதை எண்களால் அடுக்குப் பிரியுங்கள்

கிண்டி சிஇஜி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை பிஎஸ்ஜி டெக், ஜிசிடி, மதுரை தியாகராசர் போன்றவை முதல் அடுக்கு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் நடுவில்தான். விளம்பரப் பலகைகள் குறிவைப்பதும் அங்கேதான்.

பலரும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசை எண்ணைப் பார்த்து ஓய்ந்துவிடுகிறார்கள். பொறியியலுக்கான அந்த மதிப்பீட்டில் 30 சதவீதம் ஆராய்ச்சிக்கும் 10 சதவீதம் பொதுக்கருத்துக்கும் போகிறது. பட்டம் முடித்தவர்களின் நிலைக்கு 20 சதவீதம்தான். இளநிலை மாணவருக்கு அந்த எண்ணைவிட, அதற்காகக் கல்லூரி சமர்ப்பித்த தரவுக் கோப்புதான் பயன்படும். கல்லூரியின் இணையதளத்தில் என்ஐஆர்எஃப் பகுதியில் பிடிஎஃப்-ஆக இருக்கும். அதில் நான்காண்டுப் படிப்புக்கான அட்டவணைக்குப் போங்கள். முதலாண்டில் சேர்ந்தவர்கள், லேட்டரலில் (டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில்) வந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், மீடியன் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்), மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று கட்டங்கள் இருக்கும்.

கணக்கு இப்படி. சேர்ந்தவர்கள் 400, லேட்டரல் 40, உரிய காலத்தில் முடித்தவர்கள் 290, வேலை பெற்றவர்கள் 200, மேற்படிப்பு 20 என்று இருக்கிறது எனக் கொள்வோம். காலேஜ் 200-ஐ 290-ஆல் வகுத்து "69 சதவீத பிளேஸ்மென்ட்" என்று சொல்லும். நீங்கள் 440-ஆல் வகுங்கள். 45 சதவீதம் வரும். உள்ளே போகும் உங்களுக்கு, காலத்தில் முடிக்காத அந்த 150 பேரில் ஒருவராகும் வாய்ப்பும் இருக்கிறது அல்லவா? 440-ல் 290 பேர்தான் காலத்தில் முடித்தார்கள் என்பதையும் தனியாக எழுதுங்கள். மூன்றாம் அடுக்கைக் காட்டிக்கொடுக்கும் எண் பெரும்பாலும் அதுதான்.

சம்பளத்தில் மீடியனை மட்டும் பாருங்கள். "அதிகபட்சம்" என்று ஃப்ளெக்ஸில் போடுவது ஒரே ஒரு மாணவரின் சம்பளம்.

இந்த அட்டவணை காலேஜ் முழுவதற்குமானது, பிரிவுவாரியாகப் பிரித்துக் காட்டாது. பிரிவைத் தெரிந்துகொள்ள என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்தைப் பாருங்கள். நாக் (தேசிய மதிப்பீடு, அங்கீகாரக் குழு) கல்லூரி முழுவதற்கும் கொடுப்பது, என்பிஏ ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. செல்லுபடியாகும் தேதியையும் பாருங்கள். இரண்டு பேட்ச்சாவது வெளியே வந்த கோர்ஸுக்குத்தான் என்பிஏ கிடைக்கும் என்பதால், புதிதாகத் தொடங்கிய ஏஐ கோர்ஸுக்கு இல்லாதது குற்றமில்லை. பல ஆண்டாக நடக்கும் மெக்கானிக்கலுக்கு இல்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

என்ஐஆர்எஃப்-க்கே போகாத காலேஜ்கள் நிறைய. அவற்றில் தன்னாட்சி இல்லாதவற்றுக்கு, அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியல் போதும். தன்னாட்சிக் கல்லூரி தானே வினாத்தாள் எடுத்துத் தானே திருத்துவதால், அதன் தேர்ச்சி விகிதத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிடக் கூடாது.

நேரில் போனால் அட்மிஷன் அலுவலகத்தோடு திரும்பாதீர்கள். டிபார்ட்மென்ட்டுக்கு நடந்து போய் ஆசிரியர் எண்ணிக்கையைக் கேளுங்கள். இளநிலைப் பொறியியலுக்கு 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ கணக்கு. 60 இடம் உள்ள பிரிவில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 பேர், 12 ஆசிரியர்கள். 240 இடமாகப் பெருக்கிய கம்ப்யூட்டர் பிரிவுக்கு 48 பேர் வேண்டும். இருக்கிறார்களா, அவர்களில் எத்தனை பேர் அந்தப் பிரிவிலேயே படித்தவர்கள் என்று கேட்டுவிட்டு, கேன்டீனில் இறுதியாண்டு மாணவர் இருவரிடம் அதையே கேட்டுப் பாருங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும்.

இவ்வளவையும் பார்த்து, நோட்டில் இருக்கும் காலேஜ்களை நான்கு அடுக்காகப் பிரியுங்கள். ஒரே அடுக்குக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த முயலாதீர்கள். அந்த வித்தியாசம் நான்கு ஆண்டுக்குப் பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை.

5. காலேஜும் கோர்ஸும் மோதும்போது

முதலில் கோர்ஸ்களின் உறவைப் பாருங்கள். சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்), ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் எல்லாம் ஒரு குடும்பம். இவற்றுக்குள் வித்தியாசம் பார்த்துக் காலேஜில் ஓர் அடுக்கு இறங்குவதுதான் இந்தக் கலந்தாய்வில் நடக்கும் பெரிய நஷ்டம். ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) பக்கத்து வீடு, ட்ரிபிள் இ இரண்டு வீடு தள்ளி. மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல் அடுத்த தெரு.

இரண்டு காலேஜும் ஒரே அடுக்கு என்றால் கோர்ஸைப் பாருங்கள், யோசிக்கவே வேண்டாம்.

ஓர் அடுக்கு வித்தியாசம் என்றால், குடும்பத்துக்குள்ளும் பக்கத்து வீட்டிலும் காலேஜுக்கு முதலிடம். முதல் அடுக்கில் ஈசிஇ, இரண்டாம் அடுக்கில் சிஎஸ்இ என்று வந்தால் ஈசிஇ மேலே. அடுத்த தெருவாக இருந்தால் கோர்ஸுக்கு முதலிடம். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்பவருக்கு முதல் அடுக்கு மெக்கானிக்கலைவிட இரண்டாம் அடுக்கு சிஎஸ்இ மேல். நான்கு ஆண்டு வகுப்பறை ஒரு பக்கமும் சொந்தமாகப் படிப்பது வேறு பக்கமும் இழுத்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

இரண்டு அடுக்கு வித்தியாசம் என்றால், இரண்டாம் படியில் அடிபடாத எந்தக் கோர்ஸாக இருந்தாலும் காலேஜ்தான். எல்லாப் பிரிவையும் தேர்வுக்கு அனுமதிக்கும் கம்பெனிகள் முதலில் மேல் அடுக்குக்குத்தான் வருகின்றன. கூடப் படிப்பவர்களின் தரம், சீனியர்கள் போட்டுவைத்த பாதை எல்லாம் அங்கே இலவசமாகக் கிடைக்கும். கீழ் அடுக்கு சிஎஸ்இ-யில் கிடைக்கும் பாடத்தின் பெரும்பகுதியை வெளியே கற்றுக்கொள்ளலாம், மேல் அடுக்கின் சுற்றத்தை வெளியே வாங்க முடியாது.

இதற்கு ஒரு கை கொடுப்பது மைனர் டிகிரி. 2021 ஒழுங்குமுறையில் கூடுதலாக 18 கிரெடிட் படித்து, வேறொரு துறையில் மைனர் வாங்க வழி இருந்தது. நீங்கள் சேரும் ஆண்டின் ஒழுங்குமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்கே என்னென்ன மைனர், யாருக்கு அனுமதி என்று முன்பே கேளுங்கள். "சேர்ந்துவிட்டால் இரண்டாம் ஆண்டில் பிராஞ்ச் மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படியில் சொன்ன அரசு வேலைக்காரர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் தங்கள் கோர்ஸுக்குள்ளேயே மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்கு இறங்கினால் போதும்.

6. கட்டணம்

சில காலேஜ்களில், ஒரே பெயரில் இரண்டு கோர்ஸ் கோடு இருக்கும். ஒன்று அரசு உதவி பெறுவது, மற்றது சுயநிதி. கட்டணம் பெரிய அளவில் வித்தியாசப்படும், டிகிரியும் வகுப்பும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள், உதவி பெறுவது மேலே. சுயநிதிக் கட்டணம் முதலில் எழுதிவைத்த தொகையைத் தாண்டினால் அந்த வரி லிஸ்ட்டிலேயே வேண்டாம்.

7. லிஸ்ட்டை எழுதுவது

ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உங்கள் ரேங்க்கின் முறை வரும்போது, லிஸ்ட்டின் முதல் வரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது தளம். இல்லை என்றால் இரண்டாவது வரி, பிறகு மூன்றாவது. கிடைக்காத இடத்தை மேலே போட்டதால் கீழே உள்ளது கைநழுவிப் போகாது. "கிடைக்கக்கூடியதை முதலில் போடு" என்ற அறிவுரை தவறு. அப்படிப் போட்டால் அதுதான் கிடைக்கும், அதைவிட நல்லது உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும்.

எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம் என்பதால் இருபதோடு நிறுத்தாதீர்கள். லிஸ்ட் முழுக்க மேல் எல்லையிலேயே நின்றால் எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போக நேரும், அங்கே மிச்ச இடங்கள்தான்.

கம்ப்யூட்டர் விரும்பும், சிவிலை அடித்துவிட்ட மாணவருக்கு ஒரு மாதிரி. அ, ஆ, இ, ஈ நான்கு காலேஜ்கள்: அ முதல் அடுக்கு, ஆவும் இயும் இரண்டாம் அடுக்கு, ஈ மூன்றாம் அடுக்கு.

அ சிஎஸ்இ, அ ஐடி, அ ஏஐ டேட்டா சயின்ஸ், அ ஈசிஇ, ஆ சிஎஸ்இ, இ சிஎஸ்இ, ஆ ஐடி, இ ஐடி, அ ட்ரிபிள் இ, ஆ ஈசிஇ, இ ஈசிஇ, அ மெக்கானிக்கல், ஈ சிஎஸ்இ, ஈ ஐடி.

இதில் சண்டை போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், அ ட்ரிபிள் இ எங்கே உட்கார வேண்டும் என்பது. வீட்டு விவாதத்தை அந்த ஒரு வரிக்கு ஒதுக்குங்கள்.

எழுதி முடித்ததும் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஒவ்வொரு அடுத்தடுத்த ஜோடியிலும், "இரண்டும் இப்போதே கையில் இருந்தால் மேலே உள்ளதைத்தான் எடுப்பேனா?" என்று கேளுங்கள். தயங்கினால் இடம் மாற்றுங்கள். பெயரை நம்பாமல் கோடைப் பார்த்தே தளத்தில் ஏற்றுங்கள். ஒரே பெயர் கொண்ட கல்லூரிகள் இரண்டு மூன்று ஊரில் உண்டு. ஏற்றியதை வேறொருவர் சத்தமாகப் படிக்க, நோட்டோடு சரிபாருங்கள். கடைசி நாள் மாலைக்கு விட்டுவைக்காதீர்கள்.

8. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு

ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்யக் கிடைக்கும் அவகாசம் குறைவு. ஏற்றுச் சேர்தல், ஏற்று அப்வர்டுக்குக் காத்திருத்தல், மறுத்து அப்வர்டுக்குக் காத்திருத்தல், மறுத்து அடுத்த சுற்றுக்குப் போதல், விலகுதல் என்று ஐந்து வாய்ப்புகள் வரும். எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும்.

பெரும்பாலானவர்களுக்கு உகந்தது இரண்டாவது. கையில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, லிஸ்ட்டில் அதற்கு மேலே இருக்கும் வரிகளில் யாராவது சேராமல் போனால் அந்த இடத்துக்கு ஏறலாம். உரிய நாளுக்குள் உரிய இடத்தில் பணம் கட்டினால்தான் இது செல்லும்.

அப்வர்டில் மேலே ஏறிவிட்டால் முந்தைய இடம் தானாக ரத்தாகும், திரும்பக் கேட்க முடியாது. அரைமனதாக மேலே போட்டுவைத்த வரி உண்மையிலேயே கிடைத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே பட்டனை அழுத்தும் முன், கிடைத்த வரிக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு வரியையும் மறுபடி படியுங்கள். அவற்றில் ஒன்றுகூட இப்போது வேண்டாம் என்று தோன்றினால் "ஏற்றுச் சேர்தல்" கொடுங்கள். லிஸ்ட்டைத் திருத்த இனி வழியில்லை.